எலும்புக்கு மறுக்கத் தெரியாது

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருக்கிறது ஆனைக்குட்டம். வைப்பாற்றில் போய்க் கலக்கும் அர்ச்சுனா ஆற்றுக்கு இங்கே ஓர் அணை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. மழை வந்தால் நீர் தேங்கும். தேங்கிய நீரை விருதுநகரும் குடிக்கும். சுற்றிலும் கரிசல் காடு, சீமைக்கருவேலம், நடுநடுவே எட்ட எட்டக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அவை பட்டாசு ஆலைகளின் அறைகள். இந்தியா கொண்டாடும் தீபாவளியில் பெரும்பங்கு இந்த மாவட்டத்து அறைகளில்தான், மனிதக் கைகளால் உருவாகிறது.

அந்தத் தீபாவளி இரவில் வானத்தில் விரியும் சிவப்புக்குக் காரணம் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம். ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட் என்ற வெள்ளைத் தூளாக அது ஆலைக்கு வருகிறது. பேன்சி ரகங்களுக்கான மணி மருந்தில் அதைச் சேர்த்தால் சிவப்பு. பேரியம் நைட்ரேட் சேர்த்தால் பச்சை. அலுமினியப் பொடி வெள்ளியாகப் பொழியும். சூடேறும்போது ஸ்ட்ரான்ஷியச் சேர்மங்களின் எலக்ட்ரான்கள் மேல்நிலைக்கு ஏறுகின்றன. திரும்பி இறங்கும்போது அந்த ஆற்றலைச் சிவப்பு ஒளியாக உமிழ்கின்றன. ஒரு குழந்தை கைதட்டிச் சிரிக்கும் அந்த ஒரு நொடிக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தத் தனிமத்தின் வரலாறு ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரான்ஷியன் என்ற சிற்றூரின் ஈயச் சுரங்கத்தில் தொடங்குகிறது. அங்கே கிடைத்த தாது அதுவரை அறியப்பட்ட எதனோடும் பொருந்தவில்லை என்பதை 1790-இல் அடேர் கிராஃபர்ட் என்ற மருத்துவர் கண்டுகொண்டார். 1808-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே ஸ்ட்ரான்ஷியம், அதற்கு நேர் கீழே பேரியம். மூன்றும் ஒரே குடும்பம். குணத்தில் நெருங்கிய உறவு. இந்தக் கட்டுரையில் வரும் அழிவுக்கும் ஆறுதலுக்கும் இந்த உறவே வேர். கால்சியம் எங்கெல்லாம் நுழையுமோ அங்கெல்லாம் ஸ்ட்ரான்ஷியமும் நுழையும்.

ஒரு சிட்டிகை ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டைத் தாளில் கொட்டிப் பார்த்தால் அது ஒரே பொருளாகத்தான் தெரியும். அதற்குள் நான்கு வகை அணுக்கள் கலந்திருக்கின்றன. நான்கின் அணுக்கருவிலும் புரோட்டான்கள் 38. அதனால்தான் நான்கும் ஸ்ட்ரான்ஷியம். நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் மாறுகிறது: 46, 48, 49, 50. இரண்டையும் கூட்டினால் வரும் எண்ணை வைத்து அவற்றை ஸ்ட்ரான்ஷியம்-84, 86, 87, 88 என்கிறோம். இவையே அந்தத் தனிமத்தின் இயற்கை ஐசோடோப்புகள். நூறு அணுக்களை எடுத்தால் 82 அல்லது 83 அணுக்கள் 88 வகை. ஏறக்குறைய 10 அணுக்கள் 86 வகை, 7 அணுக்கள் 87 வகை. 84 என்பது இருநூறில் ஒன்று என்ற அளவில் கிடைக்கும் அரிய வகை. நான்கும் நிலையானவை, கதிர் வீசாதவை. ஆகவே மத்தாப்பின் சிவப்பைப் பார்த்துக் கதிரியக்கம் என்று அஞ்ச வேண்டியதில்லை.

தீ இந்த நான்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நிறம் எலக்ட்ரான்களின் வேலை. நான்கு வகைக்கும் எலக்ட்ரான்கள் ஒரே எண்ணிக்கை, ஒரே அடுக்கு. நான்கும் ஒரே சிவப்பைத்தான் தரும். நம் கண்ணும் பிரித்தறியாது. இயற்கையின் அன்றாட நடவடிக்கைகளில் பெரும்பாலானவை வேதியியலால் நடப்பவை. வேதியியலோ அணுவின் வெளிப்புறத்தோடு மட்டுமே பேசுகிறது. உள்ளே இருக்கும் கருவை அது கேட்பதில்லை.

எலும்பும் கேட்பதில்லை.

கரிசல் மண்ணுக்கு அடியில் கிடக்கும் பாறையில் சிறிதளவு ஸ்ட்ரான்ஷியம் உண்டு. மழைநீர் அதைக் கரைத்துக் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் கொண்டுவருகிறது. கம்பும் சோளமும் அதை வேரால் உறிஞ்சுகின்றன. அந்தத் தானியத்தை உண்டு, அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தையின் உடல் கால்சியத்தைத் தேடி எடுக்கும்போது, கூடவே வரும் ஸ்ட்ரான்ஷியத்தையும் எடுத்துக்கொண்டு எலும்பும் பல்லும் கட்டுகிறது. வளர்ந்த மனித உடலில் இப்படிச் சேர்ந்த ஸ்ட்ரான்ஷியம் சுமார் 0.3 கிராம், அதில் 99 விழுக்காடு எலும்பில் இருக்கிறது. இதனால் தீங்கு ஒன்றும் இல்லை. மனித இனம் தோன்றிய நாள் முதல் நம் எலும்பில் ஸ்ட்ரான்ஷியம் இருந்துவந்திருக்கிறது.

பிரித்தறியாமல் எலும்பு சேர்த்து வைத்ததை மனிதன் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொண்டான். பாறைகளில் ருபீடியம்-87 என்ற அணு மிக மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 5,000 கோடி ஆண்டுகள். பாறை எவ்வளவு பழையது, அதில் ருபீடியம் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்து 87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் ஊருக்கு ஊர் மாறுகிறது. பாறையின் விகிதம் நீருக்கும், நீரின் விகிதம் பயிருக்கும், பயிரின் விகிதம் பல்லுக்கும் வந்து சேர்கிறது. பல்லின் எனாமல் சிறுவயதில் உருவானபின் மாறுவதில்லை. எனவே ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு பல் கிடைத்தாலும், அதற்கு உரியவர் எத்தகைய நிலத்தில் வளர்ந்தவர் என்பதை அந்த விகிதம் சொல்லும். ஹரப்பாவின் இடுகாட்டில் கிடைத்த பற்களை இப்படி ஆராய்ந்தார்கள். 2013-இல் முடிவுகள் வெளியாயின. அங்கே புதைக்கப்பட்டவர்களில் பலர் வேறு நிலங்களில் வளர்ந்து ஹரப்பாவுக்கு வந்தவர்கள் என்று தெரிந்தது. எழுத்தைப் படிக்க முடியாத ஒரு நாகரிகத்தின் மக்களைப் பற்றி அவர்களுடைய பற்களே சாட்சி சொல்லின. ஆனைக்குட்டத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் துபாய்க்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும், அவர் பல்லில் இருப்பது பிள்ளைப் பருவத்து நிலம்தான்.

அதே ஸ்ட்ரான்ஷியம்-87 இன்று உலகின் மிகத் துல்லியமான கடிகாரங்களுக்கும் உயிர் கொடுக்கிறது. லேசர் ஒளியால் குளிரூட்டி, ஒளியாலேயே தாங்கிப் பிடித்து வைத்த அந்த அணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 429 லட்சம் கோடி முறை அதிரும் சிவப்பு ஒளியோடு ஒத்திசைகின்றன. 2015-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் ஜைலா ஆய்வகம் அறிவித்த கடிகாரம், 1,500 கோடி ஆண்டுகள் ஓடினாலும் ஒரு நொடிகூடப் பிசகாது. பூமிக்கு அருகே காலம் சற்று மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதை, ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டிலேயே அதே ஆய்வகம் 2022-இல் அளந்து காட்டியது. வாணவெடியில் இரண்டு நொடி மின்னி மறையும் தனிமத்தின் ஒரு வகை, காலத்தையே அளக்கும் கருவியாகிவிட்டது.

இதுவரை சொன்னவை இயற்கை தந்த நான்கு வகைகளின் கதை. ஐந்தாவதாக ஒன்றை மனிதன் பூமியெங்கும் தூவினான். அது ஸ்ட்ரான்ஷியம்-90.

யுரேனியமோ புளூட்டோனியமோ பிளவுபடும்போது பிறக்கும் துண்டுகளில் அது முக்கியமான ஒன்று. 88-ஐவிட இரண்டு நியூட்ரான்கள் மட்டுமே கூடுதல். ஐம்பது நியூட்ரான்கள் இருக்கும்போது அந்தக் கரு மிக உறுதியானது. ஐம்பதைத் தாண்டி வரும் இரண்டும் அந்த உறுதியைக் குலைத்துவிடுகின்றன. ஸ்ட்ரான்ஷியம்-90 பீட்டா கதிரை வீசி யிட்ரியம்-90 ஆகிறது. அது இன்னும் வலிய பீட்டா கதிரை வீசி சிர்கோனியம்-90 ஆகி அடங்குகிறது. அரை ஆயுள் 28.8 ஆண்டுகள். ஏறக்குறைய ஒரு மனிதத் தலைமுறை.

1945 முதல் 1980 வரை உலக வல்லரசுகள் 500-க்கும் மேற்பட்ட அணுகுண்டுகளைத் திறந்த வெளியில் வெடித்துச் சோதித்தன. ஸ்ட்ரான்ஷியம்-90 காற்றின் மேலடுக்குக்கு ஏறி, உலகைச் சுற்றி, மழையோடு இறங்கியது. வடகோளத்தின் நடுப்பகுதிகளில் அதிகம் விழுந்தது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் குறைவு. முழுதாகத் தப்பிய நிலம் எதுவும் இல்லை. மழையிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு, மாட்டுப் பாலிலிருந்து குழந்தைக்கு அது வந்தது. வளரும் குழந்தையின் எலும்பு கால்சியத்துக்காகத் தவிக்கும். கால்சியத்தைப் போலவே வந்து நின்ற ஸ்ட்ரான்ஷியம்-90-ஐயும் அது ஏற்றுக்கொண்டது. இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜைக்கு அருகிலேயே கதிர் வீசும் அணு குடியேறியது. இரத்தப் புற்றும் எலும்புப் புற்றும் பெருகும் என்று அறிவியலாளர்கள் அஞ்சியதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958-இல் ஒரு முயற்சி தொடங்கியது. மருத்துவர் லூயிஸ் ரைஸ் அதை நடத்தினார். குழந்தைகளுக்கு விழும் பால் பற்களைச் சேகரித்துச் சோதித்தார்கள். தாய்மார்கள் அஞ்சலில் பற்களை அனுப்பினார்கள். குழந்தைகளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்னம் பரிசாகக் கிடைத்தது. மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பற்கள். 1950-களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளின் பற்களில் ஆண்டுக்கு ஆண்டு ஸ்ட்ரான்ஷியம்-90 கூடிக்கொண்டே போனது என்பது 1961-இல் வெளியான முதல் முடிவிலேயே தெளிவாகிவிட்டது. எந்தப் போரிலும் இல்லாத குழந்தைகள் அவர்கள். குண்டு எங்கே வெடித்தது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

1962-இல் 83 வயது ராஜாஜி ஒரு வெளிநாட்டுப் பயணத்தை மேற்கொண்டார். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று வாஷிங்டன் போனார். செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கேட்டார். அவர் சார்ந்த கட்சி அன்று சிறியது. கையில் ஆட்சி இல்லை. பின்னால் படை இல்லை. ஒரு முதியவர் கடல் கடந்து போய் முன்வைத்த அறம் மட்டுமே இருந்தது. அதற்கு முன்பே, 1954-இல், சோதனைகளை நிறுத்திவைக்க ஓர் உடன்பாடு வேண்டும் என்று நேரு நாடாளுமன்றத்தில் கேட்டிருந்தார். 1963 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் வளிமண்டலச் சோதனைகளைக் கைவிடும் ஒப்பந்தத்தில் மாஸ்கோவில் கையெழுத்திட்டன. இந்தியா அடுத்த சில நாட்களிலேயே கையெழுத்திட்டது. அதன்பின் குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்ஷியம்-90 இறங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு மழையோடு விழுந்ததில் கால் பங்குக்கும் குறைவே இன்று எஞ்சியிருக்கிறது. மீதியைக் காலம் கரைத்துவிட்டது. மனிதன் நிறுத்தினால் இயற்கை ஆற்றிக்கொள்ளும் என்பதற்கு இது சான்று. ஆற்றிக்கொள்ள அதற்கு ஒரு தலைமுறை அல்ல, பல தலைமுறைகள் வேண்டும் என்பதற்கும் இதுவே சான்று.

ஸ்ட்ரான்ஷியத்தின் கதை இங்கே முடிந்திருந்தால் அதை வெறுத்து ஒதுக்கிவிடலாம். முடியவில்லை. 88-க்கும் 90-க்கும் நடுவே 89 இருக்கிறது.

ஸ்ட்ரான்ஷியம்-89-இன் அரை ஆயுள் 50.5 நாட்கள். அதுவும் பீட்டா கதிர் வீசுவது. அந்தக் கதிர் உடல் தசைக்குள் சில மில்லிமீட்டர் தூரமே போகும். புராஸ்டேட் புற்றும் மார்பகப் புற்றும் முற்றிய நிலையில் எலும்புக்குப் பரவும். அந்த வலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புரண்டு படுக்க முடியாது, இருமினால் உயிர் போய்த் திரும்பும், மார்ஃபின் கொடுத்தாலும் இரவு நீளும். புற்று பரவிய இடத்தில் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளப் போராடிக் கால்சியத்தை அள்ளி இழுத்துக்கொண்டிருக்கும். ஸ்ட்ரான்ஷியம்-89 குளோரைடை இரத்த நாளத்தில் ஏற்றினால், நல்ல எலும்பைவிடப் பல மடங்கு அதிகமாக அந்த நோயுற்ற இடம் அதை இழுத்துக்கொள்ளும். அங்கேயே தங்கி, அங்கேயே கதிர் வீசும். இரண்டு மூன்று வாரங்களில் பலருக்கு வலி தணிகிறது. தணிந்த வலி மாதக்கணக்கில் அடங்கியிருக்கிறது. இது நோயைத் தீர்க்கும் மருந்து அன்று. இரத்த அணுக்களைச் சற்றுக் குறைக்கும் என்பதால் கண்காணிப்பும் வேண்டும். ஆனாலும் ஒரு மனிதர் தம் கடைசி மாதங்களில் எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளையோடு பேச முடிந்தால், அதைச் சிறிய நன்மை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வழியை முதலில் கண்டவர் சார்லஸ் பெஷே என்ற பெல்ஜிய நாட்டு இளம் மருத்துவர். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், அணுத் துகள்களை முடுக்கும் கருவியில் ஸ்ட்ரான்ஷியம்-89-ஐ உருவாக்கி, எலும்பில் பரவிய புற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1941-இல் முப்பது வயதை எட்டும் முன்பே அவர் இறந்தார். அவர் எழுதியது மறு ஆண்டு அச்சானது. ஹிரோஷிமாவுக்கு முன்பே, ஸ்ட்ரான்ஷியம்-90-ஐப் பற்றி உலகம் அஞ்சத் தொடங்கும் முன்பே, அதன் உடன்பிறப்பு நோயாளிக்கு மருந்தாகியிருக்கிறது. அந்த நற்செய்தியை அடுத்து வந்த ஆண்டுகள் கவனிக்காமல் விட்டன. 1993-இல்தான் அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது.

தமிழ்நாட்டிலும் இந்த அணு பிறந்திருக்கிறது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உள்ள வேகப் பெருக்கச் சோதனை உலை 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கியது. மற்ற பெரும்பாலான உலைகளில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணித்துத்தான் பயன்படுத்துவார்கள். இங்கே உருகிய சோடியம் வெப்பத்தைக் கடத்துகிறது. நியூட்ரான்கள் தம் முழு வேகத்தோடு பாய்கின்றன. அந்த வேகத்தில் ஒரு நியூட்ரான் யிட்ரியம்-89 அணுவில் மோதி நுழையும்போது ஒரு புரோட்டானை வெளியே தள்ளிவிடும். 39 புரோட்டான்கள் 38 ஆகும். யிட்ரியம் ஸ்ட்ரான்ஷியம்-89 ஆகிவிடும். யிட்ரியம் ஆக்சைடு வில்லைகளை உலைக்குள் வைத்து எடுத்து, கரைத்து, படிப்படியாகப் பிரித்து, கல்பாக்கத்து ஆய்வாளர்கள் அந்த மருந்துக்கு உரிய ஐசோடோப்பைத் தூய்மையாக எடுத்துக் காட்டினார்கள். மெதுவான நியூட்ரான்கள் உள்ள உலைகளில் வேறு வழி உண்டு: ஸ்ட்ரான்ஷியம்-88 ஒரு நியூட்ரானை விழுங்கினால் 89 ஆகும். சிவகாசி மத்தாப்பில் நூற்றில் எண்பத்திரண்டுக்கு மேல் இருக்கும் அதே 88 தான்.

நோயாளியின் எலும்பில் தன் வேலையை முடித்த ஸ்ட்ரான்ஷியம்-89 என்ன ஆகிறது? கதிரை வீசியபின் மறுபடியும் யிட்ரியம்-89 ஆகிவிடுகிறது. எதிலிருந்து கல்பாக்கத்தில் பிறந்ததோ அதே பொருள், நிலையானது, இனி கதிர் வீசாதது. ஓராண்டு கழிந்தால் கொடுத்த மருந்தில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஸ்ட்ரான்ஷியம்-90 அந்த நிலைக்கு வர ஏறக்குறைய 190 ஆண்டுகள் ஆகும். ஒன்று வந்த வேலையை முடித்துவிட்டு விலகுகிறது. மற்றது அழைக்காமல் வந்து, தலைமுறை கடந்தும் தங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நியூட்ரான்தான் வேறுபாடு.

அந்தத் தொண்ணூறுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அணு உலைக் கழிவிலிருந்து ஸ்ட்ரான்ஷியம்-90-ஐப் பிரித்துப் பூட்டி வைத்து, அதிலிருந்து ஊறும் யிட்ரியம்-90-ஐ மட்டும் எடுத்து மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் நுட்பம் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் கைவந்திருக்கிறது. கண்ணில் வளரும் சதைக்கு முன்பு ஸ்ட்ரான்ஷியம்-90 தகட்டால் சிகிச்சை செய்தார்கள். காகிதத்தின், தகட்டின் தடிமனை ஓட்டத்திலேயே அளக்கும் ஆலைக் கருவிகளிலும் அது இருக்கிறது. அடைத்து, அளந்து, யாருக்கு எவ்வளவு என்று அறிந்து கொடுக்கும்போது அது பயன்படுகிறது. அவிழ்த்துவிட்டால் குழந்தைகளின் பல்லில் போய் உட்காருகிறது.

அறிவியல் இருபக்கமும் கூர்மையான கத்தி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஸ்ட்ரான்ஷியத்தின் கதை சொல்வது அதைவிடக் கறாரானது. மழை இறக்கிய நஞ்சும் மருத்துவர் ஏற்றிய மருந்தும் எலும்புக்குள் போனது ஒரே வாசல் வழியாக. அந்த வாசலுக்குக் கதவு கிடையாது. கால்சியத்தைப் போல எது வந்தாலும் எலும்பு வரவேற்கும். உள்ளே இருப்பது 50 நியூட்ரானா, 51-ஆ, 52-ஆ என்று அதற்குத் தெரியாது. உயிரின் அடித்தளத்தில் இருப்பது இந்த நம்பிக்கைதான். நம்பாத எலும்பு வளராது. தாய்ப்பாலை நம்பி வாய் திறக்காத குழந்தை பிழைக்காது. உடல் வாழ்வதே நம்பி ஏற்பதால்தான். ஆகவே எது உள்ளே வருகிறது என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அந்த உடலிடம் இல்லை. காற்றில், நீரில், மண்ணில், மருந்தில் எதைக் கலப்பது என்று தீர்மானிக்கும் இடங்களில் இருப்பவர்களிடம் அது முழுதாக வந்து சேர்கிறது. தீ பிரித்தறியாது, எலும்பு பிரித்தறியாது. பிரித்தறியும் ஆற்றல் மனித அறிவுக்கு மட்டுமே வாய்த்தது. அதனால்தான் குற்றமும் மனிதனுக்கு மட்டுமே உரியது.

இந்த உண்மையைக் கற்க ஆனைக்குட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களைவிடத் தக்க இடம் இல்லை. இந்த மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன், 1948-இல் இந்திய அணுசக்தி ஆணையம் அமைந்தபோது அதன் முதல் மூன்று உறுப்பினர்களில் ஒருவர். அணுவின் உள்ளே பார்த்த அறிவும், அணுவின் வெளிப்புறத்தை எரித்து நிறம் செய்யும் உழைப்பும் ஒரே மண்ணில் விளைந்தவை. இங்கே அன்றாடம் மருந்து கலக்கும் கைகளும் நம்பித்தான் வேலைக்கு வருகின்றன. அலுமினியப் பொடி படிந்த விரல்களோடு சோறு பிசையும்போதும், கந்தகம் கலந்த காற்றை இழுக்கும்போதும் அந்த உடல்களுக்கு மறுக்கத் தெரியாது. மணி மருந்தில் உராய்வு வந்தால் அதற்கும் நல்லவர், ஏழை, பிள்ளைக்காரி என்ற வேறுபாடு தெரியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பத்தெட்டுப் பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். வேதிப்பொருள் அன்று தன் இயல்பைத்தான் காட்டியது. எவ்வளவு மருந்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பது, ஓர் அறையில் எத்தனை பேர் உட்காருவது என்ற கணக்குகள் மனிதர்கள் போடுபவை.

ஸ்ட்ரான்ஷியத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பேரியத்தின் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. கரையும் பேரியம் உடலுக்குத் தீங்கானது என்பதில் ஐயம் இல்லை. அந்தத் தடையால் வேலை இழந்தவர்களின் அடுப்பு அணைந்தது என்பதிலும் ஐயம் இல்லை. மூச்சுவிடும் குழந்தையையும் மருந்து அடைக்கும் தாயையும் எதிரெதிரே நிறுத்துவது அறமாகாது. இருவருடைய உடலும் நம்பும் உடல்தான். மாற்று மருந்தைக் கண்டுபிடித்துத் தரும் ஆய்வும், அதற்கு மாறும் காலத்தில் கூலி குறையாத ஏற்பாடும், ஆண்டுதோறும் தொழிலாளரின் நுரையீரலையும் இரத்தத்தையும் சோதிக்கும் முறையும் சேர்ந்து வந்தால்தான் அந்தத் தடை முழு நீதியாகும்.

ஒரு பொருளை நல்லது என்றோ கெட்டது என்றோ பெயரிட்டு ஓய்ந்துவிடும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அது எந்த வகை, எவ்வளவு, எத்தனை நாள் தங்கும், யாருடைய உடலுக்குள் போகும், அவர் சம்மதித்தாரா? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த சமூகமே அறிவியலைக் கையாளத் தகுதி பெற்றது. விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிகளில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, தனிம அட்டவணையில் 38-ஆம் கட்டத்தை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் அம்மா தீபாவளிக்காக நிரப்பும் சிவப்பும், புற்றுநோயாளியின் வலியைத் தணிக்கும் ஊசியும், உலகக் குழந்தைகளின் பல்லில் ஏறிய நஞ்சும் அந்த ஒரே கட்டத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். நாளை ஆலை முதலாளியாக, மருத்துவராக, அதிகாரியாக, ஆய்வாளராக நீங்கள் ஒரு முடிவு எடுக்கும் நாள் வரும். அன்று, மறுக்கத் தெரியாதவர்களின் சார்பில் மறுக்க வேண்டியவர்கள் நீங்கள்.